கண்ணீர் அஞ்சலி: தோற்ற அணிக்கு ஒரு போஸ்டர்

கேலியின் வரலாறு – அத்தியாயம் 12

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தை ஒட்டிய சுவர்களில் அந்த போஸ்டர் இல்லாத நாளே கிடையாது. நடுவில் ஒரு படம், சுற்றிலும் ரோஜா மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேலே கறுப்புப் பட்டையில் ‘கண்ணீர் அஞ்சலி’. இடது மூலையில் ‘தோற்றம்’, வலது மூலையில் ‘மறைவு’. அடியில் மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள், ‘மற்றும் உற்றார் உறவினர்கள்’. பசை காய்வதற்குள் அடுத்த போஸ்டர் அதன் மேல் ஏறிவிடும்.

2020 அக்டோபர் கடைசியில் இதே அச்சில் வேறொரு போஸ்டர் தமிழ்நாடு முழுக்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் ஏறியது. மாலைக்கு நடுவே மனிதருக்குப் பதில் மஞ்சள் ஜெர்சிச் சிங்கம். தோற்றம் 2008, மறைவு 2020. துக்கத்தில் பங்கெடுப்பவர்கள் மும்பை ரசிகர்களும் பெங்களூரு ரசிகர்களும். கொரோனாவால் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு இடம்பெயர்ந்த அந்த ஐபிஎல்லில்தான் சென்னை சூப்பர் கிங்ஸ் முதல் தடவையாக பிளே ஆஃப்புக்குள் நுழையாமல் வெளியேறியது.

சென்ற அத்தியாயம் தெருக்கூத்து மேடையில், ராஜாவையே நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் கட்டியங்காரனிடம் முடிந்தது. அந்தக் கட்டியங்காரன் கைக்குச் செல்போன் வந்த கதை இது. ரசிகன் ஏன் தோற்றவனுக்கு இழவு கொட்டுகிறான் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் கதை தெளிவாகப் பிடிபடும்.

தோற்ற அணிக்கு இரங்கல் எழுதும் வழக்கம் இணையத்தைவிட மிகப் பழையது. 1882 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு வெற்றி இலக்கு வெறும் 85. ஆஸ்திரேலியாவின் ஸ்பாஃபோர்த் அந்த ஆட்டத்தில் மொத்தம் 14 விக்கெட் சாய்த்தார். இங்கிலாந்து 77-க்குச் சுருண்டது. சொந்த மண்ணில் 7 ரன்னில் தோல்வி. நான்கு நாள் கழித்து ‘ஸ்போர்ட்டிங் டைம்ஸ்’ பத்திரிகையில் ரெஜினால்ட் ஷெர்லி புரூக்ஸ் என்பவர் ஒரு சின்ன மரண அறிவிப்பு எழுதினார். ஓவலில் இங்கிலாந்து கிரிக்கெட் காலமானது, நண்பர்கள் பெருந்துயரில் இருக்கிறார்கள், உடல் தகனம் செய்யப்பட்டுச் சாம்பல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு செல்லப்படும் என்பது அதன் சாரம்.

அறிவிப்பு மறக்கப்படவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஆஸ்திரேலியா போன இங்கிலாந்துக் கேப்டன் ஐவோ பிளை, சாம்பலை மீட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். அங்கே சில பெண்கள் ஒரு குட்டி மண் கலயத்தை அவர் கையில் கொடுத்தார்கள். ஒரு சாண் உயரம்கூட இல்லாத அந்தக் கலயம் இன்று லார்ட்ஸ் மைதான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு நாடுகளும் 140 ஆண்டுகளுக்கு மேலாக அதன் பெயரைச் சொல்லித்தான் மோதுகின்றன. ‘ஆஷஸ்’ என்ற பெயரே ஒரு மீம். எழுதியவர் மறைந்து நூற்றாண்டு தாண்டிய பிறகும் ஷேர் ஆகிக்கொண்டே இருக்கும் மீம்.

அந்த அறிவிப்புக்குப் பிறகு ‘மீம்’ என்ற சொல் பிறக்க இன்னும் தொண்ணூற்று நான்கு ஆண்டு ஆயிற்று. 1976-இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் ‘தி செல்ஃபிஷ் ஜீன்’ நூலில், ஒருவர் மனத்திலிருந்து இன்னொருவர் மனத்துக்குத் தொற்றிப் பரவும் மெட்டு, நடை, பேச்சு, நம்பிக்கை எல்லாவற்றுக்குமாக அந்தச் சொல்லைச் செய்தார். பாவனை செய்வதைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து எடுத்து, ‘ஜீன்’ என்பதோடு ஓசை ஒத்துவரச் சுருக்கிய சொல் அது. அதே 1976-இல்தான் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலையில் ஜாகிர்தார் ஆட்சி முடிந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டு கழிந்தும் மூன்று ஜாகிர்களின் பிடியில் இருந்த மலை அது. மலையாளிப் பழங்குடியினர் அவர்களுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். ஒரு கதையோ கேலியோ அந்த மலையிலிருந்து கீழே இறங்க வேண்டுமானால் யாராவது நடந்துதான் வர வேண்டும்.

நடந்து வந்தவை ஏராளம். இந்த வட்டாரம் பாரதக் கூத்து ஊறிய மண். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின் கடைசி நாளில் படுகளம் நடக்கும். திடலில் மண்ணால் செய்த துரியோதனன் பிரம்மாண்டமாக மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையில் அடிப்பான். காந்தாரி துடைப்பத்தோடு வந்து ஒப்பாரி வைப்பாள், பார்க்க வந்தவர்களுக்கும் நாலு அடி விழும். ஊரே சிரிக்கும், அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே வயதான பெண்கள் சிலர் நிஜமாகக் கண்ணைத் துடைப்பார்கள். அடுத்த திருவிழாவுக்கு துரியோதனன் மறுபடி மண்ணிலிருந்து எழுந்து வருவான்.

உளுந்தூர்பேட்டை பக்கத்துக் கூவாகத்தில் சித்திரையில் நடப்பது இன்னும் ஆழமானது. பாண்டவர் வெற்றிக்காகப் பலியான அரவானுக்கு, அதாவது கூத்தாண்டவருக்கு, திருநங்கைகள் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை கட்டி அழுகிறார்கள். அது பாவனை அல்ல, உயிரோடு கலந்த அழுகை. கேலிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் ஆண்டுதோறும் செத்து, ஆண்டுதோறும் திரும்பி வருபவனுக்காகக் கூடி அழத் தெரிந்த மாவட்டம் இது என்பதை மறந்துவிட்டு இங்குள்ள ரசிகனைப் புரிந்துகொள்ள முடியாது. ஐபிஎல் நடப்பதும் சித்திரையை ஒட்டித்தான்.

கிரிக்கெட் மீம் பேசும் தமிழைக் காதுகொடுத்துக் கேட்டால் அது முழுக்கச் சுடுகாட்டுத் தமிழ். அணி தோற்றால் ‘சங்கு ஊதியாச்சு’. பெரிய வித்தியாசத்தில் தோற்றால் ‘பால் ஊத்தியாச்சு’. தகனத்துக்கு மறுநாள் சாம்பல் மேல் தெளிக்கும் பால் அது. தோற்ற அணியின் ரசிகர்கள் பேசுவதெல்லாம் ‘கதறல்’. கடைசி ஓவரில் விக்கெட் விழுந்தால் ‘சோலி முடிஞ்சுது’. பெரிய நடிகர் படம் வெளியாகும் காலையில் கட் அவுட் உச்சியில் ஏறி ஊற்றுவதும் பால்தான். ஒரே பாக்கெட் பாலை அபிஷேகத்துக்கும் அஸ்திக்கும் எடுத்த மொழி இது. 1882-இல் புரூக்ஸ் ஒருவர் எழுதியதை இங்கே ஆயிரக்கணக்கான பையன்கள் ஆட்டம் முடிந்த பத்தாவது நிமிடத்தில் எழுதுகிறார்கள்.

அந்தப் பையன்கள் கைக்கு இணையம் மலிவாக வந்தது 2016 செப்டம்பர் 5-க்குப் பிறகு. ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. அதுவரை மாதத்துக்கு ஒரு ஜிபியை எண்ணி எண்ணிச் செலவழித்தவர்கள் ஒரே நாளில் ஒரு ஜிபியைக் கரைத்தார்கள். நாலே மாதத்தில், 2017 ஜனவரியில், மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். கூட்டத்தைக் கூட்டியதிலும் கலையாமல் வைத்திருந்ததிலும் மீம்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு விளையாட்டுக்காகத் தமிழ்நாடு தெருவுக்கு வந்த அந்த வாரம், மீம் வெறும் பொழுதுபோக்கு என்ற பேச்சு அடங்கியது.

டெம்ப்ளேட் தந்தவர் வடிவேலு. ஒரு டெம்ப்ளேட்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். 2003-இல் வந்த ‘வின்னர்’ படத்தின் கைப்புள்ள, அடிபட்டு, சட்டை கிழிந்து, ஆனாலும் நடையில் கெத்துக் குறையாமல் வருகிறார். அந்த ஒரு ஃப்ரேமை வெட்டி, மேலே வெள்ளைப் பட்டை போட்டு, ‘49 ரன்னுக்கு ஆல் அவுட் ஆன பிறகு ஆர்சிபி’ என்று எழுதினால் போதும். 2017 ஏப்ரல் 23 அன்று கொல்கத்தாவில் நடந்த அந்தச் சரிவை விளக்க ஒரு பக்கக் கட்டுரை தேவைப்படாது. பார்ப்பவருக்குப் படமும் தெரியும், காட்சியும் தெரியும், வசனம் காதிலேயே கேட்கும். இதெல்லாம் பிக்ஸ்ஆர்ட்டில் ஐந்து நிமிட வேலை. கேலி செய்யப்படும் அணியின் மேல் பார்ப்பவருக்கு ஒரு பிரியமும் வந்துவிடுவதுதான் இதன் விசேஷம், ஏனென்றால் கைப்புள்ளையை வெறுத்தவர் யாரும் இல்லை.

2019 மே கடைசியில் இந்த மொழி உலகத்துக்கே கேட்டது. வெளிநாட்டு ஃபேஸ்புக் பக்கம் ஒன்று சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் பெயரைச் சொல்லி, ஜமீன் வீட்டு வேலையில் இது விழுந்துதான் நேசமணியின் தலை உடைந்தது என்று எழுதினார். 2001-இல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்து வடிவேலு காட்சி என்று தெரியாதவர்கள், அவர் இப்போது நலமா என்று விசாரித்தார்கள். நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் ஹேஷ்டேக் ட்விட்டரில் உச்சிக்கு ஏறியது. மருத்துவமனை அறிக்கைகள், ‘கவலைக்கிடம்’ செய்திகள், அபிமானிகளின் கண்ணீர் எல்லாம் வந்தன. மே 30 அன்று டெல்லியில் பிரதமர் பதவியேற்பு, லண்டனில் உலகக் கோப்பை தொடக்கம். இரண்டையும் தாண்டி ஓடியது, பதினெட்டு வருடம் பழைய ஒரு நகைச்சுவைப் பாத்திரத்தின் தலைக்காயம்.

இந்த மொழி ஒரு ஆட்டக்காரரின் வாழ்க்கையில் என்ன செய்யும் என்பதற்கு ரவீந்திர ஜடேஜாவைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. 2012 கடைசியில் முதல்தர கிரிக்கெட்டில் மூன்றாவது முச்சதம் அடித்தார். இந்தியர் யாரும் அதுவரை செய்யாதது. இணையம் அதைப் பாராட்டவில்லை. பிராட்மேனோடு ஒப்பிட்டு, ‘சர்’ பட்டம் கொடுத்துக் கலாய்த்தது. அன்றைக்கு அது நல்ல எண்ணத்தில் வந்த சொல் அல்ல.

2013 ஏப்ரல் 13, சேப்பாக்கம். பெங்களூருவுக்கு எதிராகக் கடைசிப் பந்தில் சென்னைக்கு இரண்டு ரன் வேண்டும். ஜடேஜா தூக்கி அடித்தார், பந்து கேட்ச் ஆனது. அரங்கம் உறைந்த நொடியில் நடுவரின் கை நீண்டது: நோ பால். ஒரு பந்து மிச்சம் இருக்கவே ஆட்டம் முடிந்தது. அந்தச் சமயத்தில் தோனி ட்விட்டரில் வரிசையாக எழுதினார். ஒரு பந்தில் இரண்டு ரன் வேண்டுமென்றால், ஒரு பந்தை மிச்சம் வைத்து ஜெயிப்பவர் சர் ஜடேஜா என்ற பொருளில் ஒன்று. கேட்ச் பிடிக்க அவர் ஓடுவதில்லை, பந்துதான் அவர் கையைத் தேடி வருகிறது என்ற பொருளில் இன்னொன்று. ஊர் எறிந்த கல்லைக் கேப்டன் பொறுக்கி மாலையாகக் கோத்துப் போட்டார். ‘சர்’ அன்றோடு கேலி என்ற நிலையிலிருந்து மாறியது.

அவருக்கு அதற்கப்புறமும் சோதனை தீரவில்லை. 2022-இல் சென்னைக்குக் கேப்டன் ஆனார், சீசன் பாதியில் விலகினார். 2023-இல் சேப்பாக்கத்தில் அவர் அவுட் ஆனால் கூட்டம் கைதட்டியது, அடுத்து வருவது தோனி என்பதால். தான் முன்னதாக இறங்கினால் எப்போது அவுட் ஆவேன் என்று ரசிகர்கள் காத்திருப்பார்கள் என அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்புக்குள் வலி இருந்ததா இல்லையா என்பது அவருக்கு வெளிச்சம். மே 29 நள்ளிரவு தாண்டி அகமதாபாத்தில் இறுதிப் போட்டி. கடைசி இரண்டு பந்தில் பத்து ரன். மோகித் சர்மா வீச, முதலில் சிக்ஸ், அடுத்தது ஃபோர். தோனி அவரை இடுப்போடு அணைத்துத் தூக்கிய அந்தப் படம் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்யாண பேனர்களிலும் இடம் பிடித்திருக்கும் என்பதில் ஐயம் வேண்டாம். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் வைக்கும் பேனர் இப்போது மீம் அச்சில்தான் வருகிறது.

2024 ஏப்ரல் 8 அன்று அவர் கணக்கைத் தீர்த்தார். சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக வெற்றி நெருங்கிய நேரம், தோனிக்காக அரங்கம் அலறிக்கொண்டிருந்தது. படியில் இறங்கி வந்தவர் ஜடேஜா. கூட்டம் ஒரு நொடி மூச்சை விட்டது. இரண்டு எட்டு வைத்துவிட்டுச் சிரித்தபடி திரும்பி உள்ளே போனார், பின்னாலிருந்து தோனி வந்தார். பத்து வருடம் தன்னை வைத்து மீம் போட்ட கூட்டத்தை வைத்து அவர் மைதானத்திலேயே ஒரு மீம் போட்டார். அன்றைய ஆட்ட நாயகனும் அவரே. பரிசளிப்பில் ஹர்ஷா போக்ளே ‘தளபதி’ பட்டம் பற்றிக் கேட்க, இன்னும் உறுதியாகவில்லை என்றார். சற்று நேரத்தில் அணியின் கணக்கு ‘கிரிக்கெட் தளபதி’ என்று உறுதி செய்தது. தமிழ் சினிமாவில் பட்டம் கொடுப்பது ரசிகர் மன்றத்தின் உரிமை. மீம் அந்த உரிமையை மன்றத் தலைவரிடமிருந்து வாங்கி ஊருக்கே பிரித்துக் கொடுத்தது. ஜடேஜா 2025 நவம்பரில் ராஜஸ்தானுக்கு மாறிப் போன பிறகும் பட்டத்தைத் திருப்பிக் கேட்க முடியாது.

அதே 2024 பருவத்தில்தான் ‘தல ஃபார் எ ரீசன்’ ஓடியது. எதை எண்ணினாலும் ஏழு வந்தால் அது தோனி. ஜெர்சி எண் 7, பிறந்தது ஏழாம் மாதம் ஏழாம் தேதி. பக்தியாகவும் சொன்னார்கள், அந்தப் பக்தியைக் கலாய்க்கவும் அதே வரியைச் சொன்னார்கள். மெய்யெழுத்தையும் சேர்த்து எண்ணினால் சங்கராபுரம் ஏழு, தியாகதுருகம் ஏழு, திருக்கோவிலூர் ஏழு. கள்ளக்குறிச்சிக்கு எட்டு, கல்வராயன்மலைக்கும் எட்டு. 1882-இல் இங்கிலாந்து தோற்ற அந்த ஏழு ரன்னையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

கேலி அடுத்த நாளும் முகம் பார்க்க வேண்டியவர்களுக்கு நடுவில் நடந்தவரை அதற்கு ஒரு வரம்பு இருந்தது. டீக்கடையில் ஓட்டியவன் மறுநாள் அதே பெஞ்சில் உட்கார வேண்டும். 2022 அக்டோபரில் அரியலூர் மாவட்டத்தில் அந்த வரம்பு உடைந்தது. இரண்டு நண்பர்கள் குடித்துவிட்டு கிரிக்கெட் பேசினார்கள். கோலியையும் பெங்களூருவையும் கேலி செய்த பேச்சு, நண்பனின் திக்குவாயில் போய் முடிந்ததாக விசாரணையில் தெரிந்தது. இருவரில் ஒருவர் கொல்லப்பட்டார். அடுத்த சில நாளில், கோலியைக் கைது செய்யச் சொல்லும் ஹேஷ்டேக் பாதிக் கோபமும் பாதி வேடிக்கையுமாக நாடு முழுக்க ஏறியது. செத்துப்போன பையனின் ஊர்ப் பெயர் அதில் இல்லை. அதே மாதம் 23-ஆம் தேதி மெல்போர்னில் பாகிஸ்தானுக்கு எதிராக கோலி 82 அடித்தார். ஹேஷ்டேக் காணாமல் போனது. அந்த வீட்டில் மட்டும் போஸ்டர் நிஜம்.

அதற்கு மூன்று மாதம் முன்புதான் சின்னசேலம் அருகே கனியாமூரில் ஒரு மாணவியின் மரணத்துக்கு நீதி கேட்ட செய்திகள் வாட்ஸ்அப் குழுக்களில் கைமாறிக் கைமாறி, ஜூலை 17 அன்று பெருங்கூட்டமாகத் திரண்டன; பேருந்துகள் எரிந்தன. அங்கே சிரிப்பு இல்லை. ஃபார்வர்டு ஓடிய பாதை மட்டும் ஒன்றே.

பெங்களூருவின் கதை இன்னும் கொடுமை. ‘ஈ சாலா கப் நம்தே’, இந்த வருஷம் கப் நமக்குத்தான் என்ற கன்னட வாசகம் தமிழ் மீம்களில் ஆண்டுதோறும் கண்ணீர் அஞ்சலிக்கு அடிக்குறிப்பாக இருந்தது. 2009, 2011, 2016 என மூன்று இறுதிப் போட்டிகளில் தோல்வி. பதினெட்டாவது சீசனில், 18-ஆம் எண் ஜெர்சிக்காரர் கோலி, 2025 ஜூன் 3 அன்று கோப்பையைத் தொட்டு அழுதார். தேதியின் இலக்கங்களைக் கூட்டினால் 18 என்று கண்டுபிடித்துக் கொண்டாடினார்கள். பாரதப் போரும் பதினெட்டு நாள். இத்தனை வருடம் பால் ஊற்றிய தமிழ்ப் பையன்களில் பலர் அன்றிரவு மனதார வாழ்த்துப் போட்டார்கள். மறுநாள் சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள்.

கள்ளக்குறிச்சிக்குத் திரும்பலாம், ஓராண்டு பின்னால்.

2024 ஜூன் 20, வியாழக்கிழமை. டி20 உலகக் கோப்பை சூப்பர் எட்டில் இந்தியா ஆப்கானிஸ்தானோடு பார்படாஸில் ஆடவிருந்தது. இந்திய நேரப்படி இரவு எட்டு மணிக்கு ஆட்டம். ஊருக்குள் கருணாபுரத்தில் அதற்கு இரண்டு நாள் முன்னர் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்துகொண்டிருந்தார்கள். சாராயத்தில் மெத்தனால். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கல்வராயன் மலையின் பெயர் தேசிய ஊடகங்களில் திரும்பத் திரும்ப ஒலித்தது, சாராயம் காய்ச்சும் மலை என்ற ஒற்றை அடையாளத்தோடு. அந்த மலையில் உற்பத்தியாகிக் கீழே வரும் கோமுகி ஆற்றின் கரையில் அன்று வரிசையாகச் சிதைகள் எரிந்தன.

டிடிபி கடைகளின் கம்ப்யூட்டரில் கண்ணீர் அஞ்சலி டெம்ப்ளேட் எப்போதும் தயாராகவே இருக்கும். படத்தை மாற்ற வேண்டும், பெயரை மாற்ற வேண்டும், தோற்றத்தில் ஒரு தேதி, மறைவில் ஒரு தேதி. அந்த வாரம் மறைவில் போட வேண்டிய தேதி பல போஸ்டர்களுக்கும் ஒன்றாகவே இருந்தது. இந்தியா 47 ரன்னில் ஜெயித்தது.

(தொடரும்)